நாற்பது மூட்டையும் ஓர் ஊதுபத்தியும்

இருளாயியின் சாவு வீட்டில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே அவளுடைய தங்கச்சி வீட்டு வாசலில், 2009 ஜனவரியில், அவளைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு கட்டு ஊதுபத்தி, கால்மாட்டில் இன்னொரு கட்டு. தங்கச்சி புருஷன் சட்டி நெருப்பில் சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "நீங்களும் ஒரு கை போடுங்க ஐயா" என்று கிண்ணத்தை நீட்டினான்.

நான் பின்னுக்கு நகர்ந்தேன். நெஞ்சு அடைக்குது, புகை ஒத்துக்காது என்று ஏதோ உளறினேன். "ஐயா யாரு, சொந்தமா?" என்று ஒரு கிழவர் கேட்டார். ஒரே ஸ்டோரில் வேலை பார்த்தோம் என்றேன். அதற்கு மேல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே என்னைச் செருப்பால் அடித்திருப்பார்கள். அடித்திருக்கவும் வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கிருஷ்ணராஜ். 1992இல் தோட்டங்களை எல்லாம் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்களே, அந்த வருடம்தான் நிவித்திகலவுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கராக வேலைக்குச் சேர்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன்தான். நாலு எழுத்துப் படித்து, சட்டைப் பையில் பேனா செருகி, தனி குவாட்டர்ஸுக்குக் குடிபோனதும் பழசை எல்லாம் மறந்துவிட்டேன். சட்டை வெள்ளையானால் நாக்கும் வெள்ளையாகப் பேச வேண்டும் என்று நினைத்த முட்டாள் நான்.

இருளாயிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. ஸ்டோரின் கடைசி அறையான பெக்கிங் ரூமில் நாலு பெண்களுக்கு அவள் தலைவி. அப்போது இன்னும் பெட்டிக் காலம். மூன்றடுக்குப் பலகைப் பெட்டிக்குள் முதலில் ஈயத்தாளை விரித்து, அதற்குள் மெல்லிய வெள்ளைக் கடதாசியை விரித்து, மூலைகளில் ஊசி முனை அளவு இடைவெளி இல்லாமல் மடித்துத் தேயிலையைக் கொட்ட வேண்டும். மேல் மடிப்பை மூடித் தகரப்பட்டி அடிக்க வேண்டும். ஈயத்தாளில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் தேயிலை மழைக்காற்றைக் குடித்துவிடும். இருளாயி மடித்த பெட்டியில் கீறலைக் கண்டவர் கிடையாது.

தேயிலைக்கு வெட்கம் கிடையாது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையைத் தனதாக்கிக்கொள்ளும். மண்ணெண்ணெய், வெங்காயம், சோப்பு, தைலம், சந்தனம் எதுவானாலும் சரி. கொழும்பில் தேயிலையைக் குடித்துப் பார்த்து விலை சொல்கிறவர்கள் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, இதில் பிற வாடை என்று ஒரு வரி எழுதினால் போதும். அவ்வளவும் போச்சு.

அந்த ஒரு வரி வராமல் இருளாயி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். கண்ணில் என்றா சொன்னேன், மூக்கில். பெக்கிங் நடக்கிற நாளில் காலையில் வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள். பூ வைத்திருந்தால் பூவை எடு. பவுடர் போட்டிருந்தால் போய்க் கழுவிக்கொண்டு வா. வெற்றிலை போட்டிருந்தால் இன்றைக்குக் கொழுந்து எடுக்கப் போ. ஒரு நாள் நான் முகம் மழித்து லோஷன் தடவிக்கொண்டு போனேன். "ஐயா வெளிய நின்னே எண்ணுங்க" என்றாள். நான் முறைத்தேன். "மொறைச்சா வாட போயிருமா?" என்று கேட்டாள். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

லொறி டிரைவர் ஒருவன் பீடியோடு உள்ளே வந்தபோது அவள் கொடுத்த சிங்கள வசவை ஸ்டோரில் பல வருடம் சொல்லிச் சிரித்தார்கள். சிங்களக் கிராமத்து ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் சிங்களம் எழுத்தில் படித்த சிங்களம். அவளுடையது வாயோடு பிறந்தது.

அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை. சோப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. வேலைச் சேலையை லயத்துக் காம்பரா அறைக்குள் கொண்டுபோகவே மாட்டாள். உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு. அதனால் சேலை பொலித்தீன் பையில் வெளியே கூரை இறவாரத்தில் தொங்கும். 1996இல் கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போன புருஷன் அங்கே சண்டைக் காலச் சோதனை ஒன்றில் பிடிபட்டான் என்று தகவல் வந்தது. பிறகு அந்தத் தகவலும் நின்றுவிட்டது. எத்தனையோ இடங்களுக்கு அவளுக்காக நான்தான் கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தாலியை அறுக்கவும் முடியாமல் பெருமையாகப் போட்டுக்கொள்ளவும் முடியாமல் அதை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். பூ வைக்காதது புருஷனுக்காகவா தேயிலைக்காகவா என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. தேயிலைக்காகத்தான். அது அதற்கு முந்தியே தொடங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே மகள், சுகந்தினி. வாசமுள்ளவள் என்று பெயர் வைத்துவிட்டு வாசமே இல்லாத வீட்டில் வளர்த்தாள். சுகந்தினி வயதுக்கு வந்த நேரத்தில் மூன்று நாள் விடாமல் பெக்கிங் நடந்தது. மஞ்சளும் சந்தனமும் மல்லிகையுமாக உட்கார வைத்திருந்த மகளை இருளாயி வாசல்படிக்கு வெளியே நின்றே பார்த்தாள். மறுநாள் காலையில் ஸ்டோருக்கு வந்துவிட்டாள். அதை அவள் ஒரு தியாகமாகச் சொல்லிக்கொண்டதில்லை. வேலை அப்படி, அவ்வளவுதான்.

பெட்டிக் காலம் முடிந்து கடதாசி மூட்டை வந்தது. உள்ளே ஈயப் பூச்சுப் பூசிய தடித்த கடதாசி மூட்டை. மூலை மடிப்பு வேலை போனது. மிஞ்சிய ஈயத்தாள் ரோல்கள் ஸ்டோர் பரணில் கிடந்தன. கிழிந்த துண்டுகளை இருளாயி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது.

சுகந்தினி பத்தாம் வகுப்போடு நின்று, நிவித்திகலவில் புவாட் நானாவின் பென்சிக் கடைக்கு வேலைக்குப் போனாள். ரிப்பன், வளையல், பவுடர், அத்தர் விற்கிற கடை. பெண்ணுக்கு அதில் ஆசை இருக்காதா? சின்னச் சீசாவில் மல்லிகை அத்தர் ஒன்று வாங்கி வந்தாள். வீட்டில் அத்தர் இருந்தால் சேலையில் ஏறும், சேலையில் ஏறினால் தேயிலையில் ஏறும். அதனால் அத்தர் சீசாவையும் பவுடர் டப்பாவையும் மகளின் ரிப்பனையும் சேர்த்து, வெள்ளைக் கடதாசி, அதன்மேல் ஈயத்தாள், நாலு மூலை மடிப்பு என்று இருளாயி ஒரு பொட்டலமாக்கினாள். காலையில் பிரித்துப் பூசிக்கொள்ளலாம், வாசலுக்கு வெளியே போய். சாயங்காலம் திரும்ப மடித்து வைக்க வேண்டும். சுகந்தினி அலுத்துக்கொள்வாள். ஒரு தடவை நான் வாசலில் நிற்கும்போதே சொன்னாள்.

"விட்டா என்னையும் ஈயத்தாள்ல சுத்தி பெக் பண்ணிருவ போல இருக்கேம்மா."

"அடி வாங்குவ" என்றாள் இருளாயி. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2002இல் சண்டை நின்று சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். புவாட் நானாவின் மச்சான் லாபிர் கொழும்பில் பெரிய கடை வைத்திருந்தார். அங்கே வேலைக்கு வா, தங்க இடமும் உண்டு என்று சுகந்தினியைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரே பிடியாக நின்றாள். கொழும்பு, கொழும்பு. இருளாயிக்கு அது புருஷனை விழுங்கிய ஊர். என்னிடம் வந்து கேட்டாள்.

"நீங்க படிச்சவுங்க. என்னா சொல்றீங்க ஐயா?"

"இப்ப செக்கிங் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஆனா எப்ப மாறும்னு யாருக்குத் தெரியும்? புள்ள வீட்டுல இருக்கிறதுதான் பாதுகாப்பு" என்றேன்.

அவள் போக விடவில்லை. சுகந்தினி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

2003 மார்ச்சில் இருளாயி என்னை பெக்கிங் ரூமின் பின்மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூரையைக் காட்டினாள். தகரம் ஒன்று துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியே வானம் தெரிந்தது. "பெருமழ வந்தா நேரா மூட்ட மேல கொட்டும். ஆபிசுக்கு எழுதிப் போடுங்க." எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை, பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு கடிதம், நாலு வரி.

மே மாதம் புத்தர் பண்டிகையான வெசாக் நேரத்தில் மழை பிடித்தது. கிராமத்தில் கட்டிய கடதாசி விளக்குக் கூடுகள் எல்லாம் நனைந்து மூங்கில் எலும்பு மட்டும் தொங்கின. சனிக்கிழமை காலையில் ஆற்றுத் தண்ணீர் ஸ்டோர் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. நாற்பது மூட்டை பெக் பண்ணி அனுப்பத் தயாராக இருந்தது. லொறி வரப் பாதை இல்லை. தரையில் இருக்கும் மூட்டைகளைப் பலகைத் தட்டுகள்மேல் தூக்கி வைக்க வேண்டும் என்று பெக்கிங் ரூம் பெண்களுக்கு ஆள் அனுப்பினேன். தோட்டத்தின் மேல்மலைப் பிரிவான மேக்கணக்கில் இருந்து அந்த மழையில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தவள் இருளாயி. கீழ் லயத்தில் இருந்து இன்னும் இரண்டு பேர்.

தூக்கிக்கொண்டிருக்கும்போது ஒன்பது மணி வாக்கில் இருளாயி கேட்டாள்.

"ஐயா, கட பூட்டினதால புள்ள வீட்டுலதான் இருக்கு. லயத்துக்குப் பின்னால மண்ணு கொஞ்சம் சரிஞ்சு கெடக்கு. ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துர்றேன்."

"இந்த வரிசைய முடிச்சிட்டுப் போ" என்றேன்.

அந்த வரிசையைத் தூக்கும்போதுதான் பின்மூலைக்கு நான் தனியாகப் போனேன். பன்னிரண்டு மூட்டை. கூரைத் தண்ணீர் சுவரோடு வழிந்து இறங்கி அடிவரை ஊறியிருந்தது. கை வைத்தால் அமுங்கியது. ஒரே அறையில், கதவு மூடிய ஈரத்தில், மற்ற இருபத்தெட்டும் தப்பாது என்பது பத்து வருடம் ஸ்டோரில் இருந்தவனுக்குத் தெரியும். ஏன் எழுதவில்லை என்று ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் கேட்பார், தோட்டத்தை நடத்தும் துரை கேட்பார். எனக்கு இரண்டு பிள்ளைகள், குவாட்டர்ஸ். நனைந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். முன்னால் காய்ந்த மூட்டைகளை அடுக்க வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அடுக்கி முடிக்கவில்லை. மலை இருமியது போல ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் மேலே இருந்து ஆட்கள் கூவுகிற சத்தம். இருளாயி கையில் இருந்த மூட்டையை மெதுவாக, சரிந்துவிடாமல், தட்டின்மேல் வைத்துவிட்டுத்தான் ஓடினாள். அந்தச் சின்னக் காரியத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மேக்கணக்கின் கடைசி லயம் மண்ணுக்குள் போய்விட்டது. ஏழு பேர். மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். முதலில் கிடைத்தது சுகந்தினி. பகல் இரண்டு மணி இருக்கும். மற்றவர்களை எடுக்க மூன்று நாளானது.

மகளை எங்கே கிடத்துவது? மிச்ச லயங்களிலும் ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் இல்லை. பொலிஸ் வந்து பார்க்காமல் புதைக்க முடியாது, பாதை இரண்டு பக்கமும் அறுந்து கிடந்தது. கதவும் சிமெந்துத் தரையும் உள்ள அறை பெக்கிங் ரூம் ஒன்றுதான். டீமேக்கர் ரணவக்க தானே சாவியை வாங்கித் திறந்துவிட்டார். "அனே பவ், அனே பவ்", ஐயோ பாவம் என்று அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் என்னை ஓரமாக இழுத்துச் சிங்களத்தில் சொன்னார். "மூட்டைகள் உள்ளே இருக்கின்றன, கிருஷ்ணராஜ். புகை மட்டும் போட விடாதே."

தலையாட்டினேன். போகட்டும் மாத்தயா, அது ஏற்கெனவே கெட்ட தேயிலை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் தலையாட்டினேன்.

சேற்றைக் கழுவி, பழைய சேலையால் மூடி, மூட்டைகளுக்கு எதிர்ப்பக்கம் சுகந்தினியைக் கிடத்தினார்கள். இருளாயி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கோயில் பூசை பார்க்கும் அழகமுத்து நனையாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்த ஊதுபத்தியை எடுத்து, ஒன்றைக் கொளுத்தி, ஒரு வாழைப்பழத்தில் குத்தித் தலைமாட்டில் வைத்தார். மெல்லிய ஒரு இழைப் புகை எழும்பியது.

இருளாயியின் தலை நிமிர்ந்தது. பெக்கிங் நாளில் வாசலில் நிற்கும்போது நிமிருமே, அதே மாதிரி. எழும்பி வந்தாள். பத்தியின் நெருப்பை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தாள்.

"மூட்ட இருக்குண்ணே."

அழகமுத்து திகைத்துப்போனார். "ஏ புள்ள, ஒனக்குப் பைத்தியமா? பெத்த புள்ளைக்கு ஒரு பத்தி கொளுத்தாம, வெளக்கு ஏத்தாம, அனாதப் பொணமா போடுறது?"

"நாளைக்கு குழிக்கரையில எல்லாம் கொளுத்திக்கலாம். இப்ப கொளுத்துனா நாப்பதும் போயிரும்ணே. நாங்க ஒரு வாரமா பெக் பண்ணுனது."

"கிளாக்கரய்யா, நீங்களாவது சொல்லுங்க" என்று அழகமுத்து என் பக்கம் திரும்பினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருளாயியும் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. பரவாயில்ல இருளாயி, கொளுத்து என்று நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேனா என்று காத்திருந்த கண் அது. இப்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது. அன்றைக்கும் தெரிந்தது.

"இருளாயி சொல்றது சரிதான்" என்றேன்.

பொலிஸ் திங்கட்கிழமை காலையில்தான் நடந்து வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பகலே அறையில் வேறு வாடை தொடங்கிவிட்டது. எங்கள் யாருக்கும் தெரிவதற்கு முன்னால் இருளாயிக்குத் தெரிந்தது. என்னிடம் வந்தாள்.

"ஐயா, பரண்ல பழைய ஈயத்தாள் ரோல் ஒண்ணு கெடக்கும். எடுத்துத் தாங்க."

எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அவள் தரையில் ஈயத்தாளை, ஒன்றின்மேல் ஒன்று நாலு விரல் ஏறுகிற மாதிரி விரித்தாள். அதன்மேல் வெள்ளைக் கடதாசியை விரித்தாள். பெட்டிக் காலத்தில் அவளோடு மூலை மடித்த இரண்டு பெண்கள் வந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சுகந்தினியைத் தூக்கி அதில் வைத்தார்கள். இருளாயி ஒவ்வொரு மூலையாக மடித்தாள். உள்ளங்கையால் நீவி, காற்றை வெளியேற்றி, கீறல் விழாமல். முகத்தை மூடும் மடிப்பு வந்தபோது கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு அதையும் மடித்தாள். ஒரு பெண்ணுக்கு அழுகை வெடித்தது. "தாள் கிழிஞ்சிரும், ஆட்டாத" என்றாள் இருளாயி.

ரோலில் மிஞ்சியதைச் சுருட்டித் திரும்பப் பரணில் வைத்தேன்.

திங்கட்கிழமையும் மழை விடவில்லை. குழிக்கரையில் அழகமுத்து எத்தனையோ தீக்குச்சி கிழித்தார். கற்பூரம் பற்றவில்லை. பத்தி ஈரத்தில் துவண்டு போயிருந்தது. நெருப்பு வைத்த கொட்டாங்கச்சியில் சாம்பிராணி போட்டால் நெருப்பு அவிந்தது, புகையவில்லை. பெண்கள் மாறி மாறிக் குடை பிடித்துப் பார்த்தார்கள். கடைசியில் மண்ணைத் தள்ள வேண்டியதாயிற்று. சுகந்தினி ஒரு வாசமும் இல்லாமல் போனாள்.

பத்து நாள் கழித்து மண் அள்ளினவர்கள் இருளாயி காம்பராவின் தகரப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள். பெட்டி நசுங்கியிருந்தது, துணி எல்லாம் சேறு. அடியில் அந்த ஈயத்தாள் பொட்டலம் மட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதை அவள் பிரிக்கவில்லை. தற்காலிகமாகக் கட்டிய தகரக் கொட்டிலில் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

ஜூன் தொடக்கத்தில் பாதை சரியாகி லொறி வந்தது. கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அறைந்தது. ரணவக்க மூட்டைகளைக் குத்திப் பார்த்துக் கையை உதறினார். வெள்ளத்தில் எல்லா ஸ்டோரும்தான் நட்டப்பட்டது, யாரும் யாரையும் கேட்கவில்லை. நாற்பதையும் கிழித்து உரக்குழியில் கொட்டச் சொன்னார். கிழிக்க வந்தவள் இருளாயி.

பின்வரிசை மூட்டைக்கு வந்தபோது கத்தியை நிறுத்தினாள். ஒரு கைப்பிடி கறுத்த தேயிலையை அள்ளி மோந்தாள். திரும்ப மோந்தாள். மூலைத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது ஆத்துத் தண்ணி இல்லீங்க ஐயா. ஆத்துத் தண்ணின்னா சேத்து வாட அடிக்கும். இது துரு வாட."

நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"நாம தட்டுல தூக்கி வைக்கும்போதே இது நனைஞ்சிருக்கு. செவத்துப் பக்கமா திருப்பி வச்சிருக்கு." என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

அவள் சத்தம் போட்டிருந்தால், என் சட்டையைப் பிடித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் என் பதிலுக்காக நின்றாள். பதில் வராது என்று தெரிந்ததும் மிச்ச மூட்டைகளைக் கிழித்துக் கொட்டி முடித்தாள். கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்துப் புதிய நாற்பது மூட்டைக்கு பெக்கிங். காலையில் நான் வாசலுக்கு வருவதற்கு முன்பே மல்லிகை அத்தர் வாடை நடைபாதை முழுக்க வந்துவிட்டது. இருளாயி வழக்கமான இடத்தில் நின்றாள். கழுத்தில், கையில், சேலைத் தலைப்பில் அத்தர். முகத்தில் பவுடர். நரைத்த கொண்டையில் சுகந்தினியின் சிவப்பு ரிப்பன். மற்றப் பெண்கள் அவளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். எல்லாருக்கும் தெரியும், தடுக்க வேண்டியது என் வேலை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வழி விட்டேன்.

அன்று முழுக்க அவள்தான் மூட்டை பிடித்தாள், தேயிலையைக் கைவிட்டு நிரவினாள், வாய் தைத்தாள். ரணவக்க அன்று பலாங்கொடைக்குப் போயிருந்தார். நாற்பது மூட்டையும் அடுத்த நாள் லொறியில் ஏறியது. அனுப்பும் சீட்டில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அதைச் சொல்லிக்கொள்ள ஆசைதான். தடுக்கத் துணிவில்லை என்பதும் உண்மை.

இரண்டு வாரத்தில் கொழும்பில் இருந்து கடிதம் வந்தது. துரை எங்களை ஆபிசுக்குக் கூப்பிட்டார். கொழும்பில் இருந்து புதிதாக வந்த துரை, தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ரணவக்க தலையைக் குனிந்துகொண்டு நின்றார். துரை கடிதத்தை இங்கிலிஷில் வாசித்துவிட்டு, இது யார் செய்த வேலை என்று சிங்களத்தில் கேட்டார். "நான்" என்று இருளாயி சிங்களத்தில் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"என்னான்னு எழுதியிருக்கு ஐயா?"

"மல்லிகப்பூ வாசம் அடிக்குதாம். நாப்பதுலயும்."

"எங்கருந்து எழுதியிருக்காங்க?"

"கொழும்புல இருந்து."

மகள் போனதில் இருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். வாய் சிரித்தது, கண்ணில் இருந்து கொட்டியது.

"போகணும் போகணும்னு நின்னா. போயிச் சேந்துட்டா."

துரை என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"மன்னிப்புக் கேட்கிறாள் சேர்" என்றேன், சிங்களத்தில். அவள் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்படி நான் சொல்லவில்லை துரை" என்றாள், என்னுடையதைவிட எவ்வளவோ தெளிவான சிங்களத்தில். துரை அடுத்த கேள்வி கேட்பதற்குள் வெளியே போனாள். அந்த வெள்ளிக்கிழமை வேலைப் பதிவில் அவள் பேரை வெட்டினார்கள். கடிதத்தை டைப் அடித்தவன் நான். கொட்டிலையும் விட்டுவிட்டு, திரும்ப மடித்த ஈயத்தாள் பொட்டலத்தோடு அவள் யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறினாள்.

அன்றைக்கு ஆபிசில் அவள் வாயைத் திறந்திருந்தால் என் பேரும் வெட்டுப்பட்டிருக்கும். கூரைத் தகரத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.